சிங்கப்பூர் – கோலாலம்பூர்: பறப்பது முக்கால் மணி, போய்ச் சேர்வது ஐந்து மணி

சாங்கி விமான நிலையத்துக்கும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கும் (கேஎல்ஐஏ) இடையே நேர்க்கோட்டில் சுமார் 297 கிலோமீட்டர். பயணச்சீட்டில் போட்டிருக்கும் நேரம் 1 மணி 5 நிமிடத்திலிருந்து 1 மணி 20 நிமிடம் வரை. சக்கரம் ஓடுபாதையை விட்டு எழுந்ததிலிருந்து மறுபடி தரை தொடும்வரை எண்ணினால் 40 முதல் 50 நிமிடம். பேருந்தில் போனால் ஐந்தரை, ஆறு மணி நேரம். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் யோசிக்காமல் விமானத்துக்குப் பதிவு செய்துவிடுவார். ஆனால் வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவுவரை கணக்குப் போட்டால், விமானத்துக்கும் பேருந்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். அதுவும் என்ன கிழமை, சிங்கப்பூரில் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறீர்கள், அந்தப் பக்கம் எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சுருங்கும், விரியும். சில நாள் தலைகீழாகவும் மாறும்.

முதலில் தூரம். இரண்டு நகர மையங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 316 கிலோமீட்டர். விமான நிலையங்களுக்கு இடையே அது 297 ஆகக் குறைவதற்குக் காரணம், கேஎல்ஐஏ கோலாலம்பூரில் இல்லை. அதற்குத் தெற்கே சிப்பாங்கில் இருக்கிறது. வானத்தில் மிச்சமான அந்த 19 கிலோமீட்டருக்காக, இறங்கியபின் 57 கிலோமீட்டர் ரயிலில் போகவேண்டும். சாலை வழியாக மொத்தம் 350 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். எல்லையைத் துவாஸ் வழியாகக் கடக்கிறீர்களா, உட்லண்ட்ஸ் வழியாகவா என்பதில் பத்து, இருபது கிலோமீட்டர் மாறும்.

அட்டவணையில் ஏன் ஒரு மணி பத்து நிமிடம்?

பயணச்சீட்டில் அச்சிடுவது பறக்கும் நேரமல்ல. வாயிலிலிருந்து விமானம் பின்னோக்கித் தள்ளப்படும் நொடியிலிருந்து, மறுமுனை வாயிலில் நிற்கும் நொடிவரையான நேரம் அது. சாங்கியில் ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்துபோய் வரிசையில் நிற்க 15 நிமிடம், கேஎல்ஐஏவில் இறங்கி முனையம் சேர 10 நிமிடம் என்று வைத்தால் கணக்கு சரியாக வந்துவிடும். நீண்ட தடத்தில் இந்த 25 நிமிடம் கண்ணுக்குத் தெரியாது. இவ்வளவு குறுகிய தடத்தில் அது பயணத்தின் மூன்றில் ஒரு பங்கு. ஏறி முடித்து நேராகச் சற்றே பறப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். அதனால் விமானி வேகத்தைக் கூட்டி ஈடுகட்டவும் வழி இல்லை. அரை மணி தாமதமாகக் கிளம்பினால் அரை மணி தாமதமாகத்தான் சேரும்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் மேல்காற்று வலுவற்றது. போகவும் வரவும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் ஆகும். இரண்டு ஊருக்கும் கடிகாரமும் ஒன்று: தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1இல் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளியபோது சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. ஆகவே பயணச்சீட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

காற்று கெடுக்காவிட்டாலும் மழை கெடுக்கும். பிற்பகல் இடிமழை இரண்டு ஊருக்கும் பொது. ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா சூறைக்காற்று இன்னொன்று. அப்போது விமானம் வானில் வட்டமடிக்கும், அல்லது தரையிலேயே நிறுத்தி வைக்கப்படும். நேரம் தவறக்கூடாத வேலை இருந்தால், நண்பகலுக்கு முந்தைய விமானத்தில் போவதும், அதற்கு அடுத்து இன்னொரு விமானம் இருக்கிறதா என்று பார்த்து வைப்பதும் நல்லது. இந்தத் தடத்தில் அதற்குப் பஞ்சமில்லை. 2018இல் உலகின் மிகப் பரபரப்பான அனைத்துலகத் தடம் என்று பெயர் வாங்கியபோது ஆண்டுக்கு 30,000க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்தன.

கதவிலிருந்து கதவுவரை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலிருந்து கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஒரு வார நாளில் போவதாக வைத்துக்கொள்வோம். டவுன்டவுன் ரயில் தடத்தில் எக்ஸ்போவரை போய், அங்கே மாறி ஒரே நிறுத்தத்தில் சாங்கி. நடையும் சேர்த்து 50 நிமிடம். புறப்பாட்டுக்கு 90 நிமிடம் முன்னால் அங்கே இருக்கவேண்டும். விமானத்தில் 70 நிமிடம். இறங்கி நடந்து, குடிநுழைவு முடித்து, ரயில் நடைமேடைக்கு வர 45 முதல் 60 நிமிடம். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் முதல் முனையத்திலிருந்து, பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். அதற்குக் காத்திருக்க 10, 15 நிமிடம். கூட்டினால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ வரும்.

கைப்பை மட்டும், இணையத்தில் செக்-இன், தானியங்கிக் குடிநுழைவு வாயில் என்று எல்லாம் கைகூடினால் சாங்கிக்கு 60, 70 நிமிடம் முன்னால் போனால் போதும். நாலேகால் மணியில் முடித்துவிடலாம். பெட்டியைச் சரக்கில் போட்டால் அந்தச் சாதகம் போய்விடும். இங்கே செக்-இன் பல நிறுவனங்களில் 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும். அங்கே பெட்டி வர 20, 30 நிமிடம் நிற்கவேண்டும். மலிவுக் கட்டண நிறுவனங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான். முறுக்கும் அதிரசமும் நிறைத்த பை அதைத் தாண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வீட்டிலிருந்தே பெட்டிக்கும் பணம் கட்டுங்கள். வாயிலில் கட்டுவது மிக அதிகம்.

பேருந்தில் அதே பயணம்: ஏறுமிடத்துக்கு 20 நிமிடம், முன்கூட்டி நிற்க 20 நிமிடம், ஓட்டம் ஐந்தரை முதல் ஆறு மணி, தெர்மினல் பெர்செபாடு செலாத்தான் (டிபிஎஸ்) பேருந்து நிலையத்தில் இறங்கி ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரல் சேர அரை மணி. ஆறே முக்காலிலிருந்து ஏழு மணி நேரம். வெள்ளி மாலையில் இது எட்டாகும், ஒன்பதாகும்.

ஆக, வார நாளில் விமானம் மிச்சப்படுத்துவது சுமார் இரண்டு மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்திலும் ரயில், வரிசை, வாயில், மறுபடி வரிசை, மறுபடி ரயில் என்று ஆறேழு துண்டுகள். மடிக்கணினியில் வேலை பார்க்க நினைப்பவருக்கு உருப்படியாகக் கிடைப்பது ஒரு மணி நேரம்கூட இராது. பேருந்தில் சோதனைச்சாவடிக்கு அப்புறம் நாலு மணி நேரம் யாரும் எழுப்பமாட்டார்கள். இரவுப் பேருந்தில் ஏறுபவருக்கு ஓர் இரவு விடுதி வாடகையும் மிச்சம். ஆனால் விடிகாலை நாலு மணிக்கே டிபிஎஸ்ஸில் இறக்கிவிட்டால், முதல் ரயில் ஓடும்வரை இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கட்டணத்தில் ஒளிந்திருப்பது

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தத் தடத்துக்காகவே சொன்னது போலிருக்கும். சாங்கியிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரும் செலுத்தும் விமான நிலையக் கட்டணங்கள் 2024 ஏப்ரலிலிருந்து 65.20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒருவழிச் சீட்டு 100 வெள்ளி என்றால், மூன்றில் இரண்டு பங்கு விமானத்துக்கே போவதில்லை. கேஎல்ஐஏவிலிருந்து ஆசியான் நாடுகளுக்குப் பறப்பவருக்குப் பயணிகள் சேவைக் கட்டணம் 35 ரிங்கிட், ஏறக்குறைய 11 வெள்ளி. அதே விமானம், அதே 297 கிலோமீட்டர். எதிர்த்திசையில் சீட்டு மலிவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதிலிருந்து ஒரு வழி பிறக்கிறது: போகும்போது பேருந்து, திரும்பும்போது விமானம். சாங்கிக் கட்டணம் மிச்சமாகும். ஞாயிறு மாலை சிங்கப்பூருக்குத் திரும்பும் சாலை நெரிசலிலும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு வழியும் ஒரே வாகனத்தில்தான் போகவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ஒருவழி 55 ரிங்கிட். தனியாளுக்கு அது சரி. மூன்று பேர் என்றால் கிராப் கார் மலிவாகவே வரும். மாலை நெரிசலில் மட்டும் 45 நிமிடம் ஒன்றரை மணியாகலாம். விமான நிலையப் பேருந்து இதைவிட மலிவு, ஒரு மணி நேரம் ஆகும்.

எந்தப் பக்கம் போகிறீர்கள்

இந்த ஒப்பீட்டில் பலர் தவறவிடுவது இதைத்தான். கேஎல்ஐஏ கோலாலம்பூருக்குத் தெற்கே இருப்பதால் சிரம்பான், நீலாய் போகிறவருக்கு விமானம் உண்மையிலேயே நல்ல தேர்வு. அவர் கோலாலம்பூருக்குள் போகவே வேண்டாம். கிள்ளான், ஷா ஆலம் போகிறவர் கேஎல் சென்ட்ரல்வரை போய்த் திரும்பி மேற்கே வருவது வீண். விமான நிலையத்திலிருந்து நேராகக் காரில் போகலாம். ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்திலிருந்து கிள்ளானுக்கே நேர்ப் பேருந்துகளும் உண்டு.

சுபாங் விமான நிலையம் இன்னொரு வழி. நகரத்திலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். ஃபயர்ஃபிளை விமான நிறுவனம் 2019 ஏப்ரலில் சாங்கியை விட்டு சிங்கப்பூரின் இன்னொரு விமான நிலையமான சிலேத்தாருக்கு மாறியது. சிலேத்தார் – சுபாங் 320 கிலோமீட்டர், ஏடிஆர் 72 சுழல்விசிறி விமானம். ஜெட்டைவிட வேகம் குறைவு என்பதால் அட்டவணையில் ஒன்றேகால் மணியை ஒட்டி இருக்கும். ஆனால் சிலேத்தார் சிறிய முனையம். வாசலிலிருந்து வாயில்வரை நடை இரண்டு நிமிடம், வரிசையும் குட்டை. காற்றில் கூடுதலாகப் போகும் பத்து நிமிடத்தைத் தரையில் அரை மணியாகத் திருப்பித் தரும் விமானம் இது. குறை இரண்டு: சேவைகள் மிகச் சில, சிலேத்தாருக்கு எம்ஆர்டி கிடையாது. ஸ்கூட் நிறுவனமும் 2024 செப்டம்பரில் சாங்கியிலிருந்து சுபாங்குக்குப் பறக்கத் தொடங்கியது. சுபாங் சேவைகள் அடிக்கடி மாறும் என்பதால் நாளைச் சொல்லித் தேடிப் பார்த்தபிறகே திட்டமிடுங்கள்.

சிங்கப்பூர்ப் பக்கமும் இதே கதைதான். பிடோக், தெம்பனிஸ்வாசிக்கு சாங்கி கால் மணி நேரம். ஜூரோங்வாசிக்கு ஒன்றேகால் மணி. ஆனால் துவாஸ் சோதனைச்சாவடி அவருக்கு அடுத்த தெரு மாதிரி. ஜூரோங்கிலிருந்து சிரம்பான் சாலை வழியாக 290, 300 கிலோமீட்டர். அவர் பேருந்தில் ஏறினால் விமானத்தில் போகும் பக்கத்து வீட்டுக்காரரைவிட அரை மணி மட்டுமே பின்தங்குவார்.

பேருந்தும் சோதனைச்சாவடியும்

பேருந்துப் பயணத்தில் 350 கிலோமீட்டரும் ஒரு பொருட்டல்ல. பாலத்தின் இரு முனைகள்தான் பொருட்டு. உட்லண்ட்ஸ் கடற்பாலம் 1924இல் திறந்தது, ஒரு கிலோமீட்டர் நீளம். துவாஸ் இரண்டாவது இணைப்பு 1998இல் திறந்தது, 1.9 கிலோமீட்டர். கோலாலம்பூர் போகும் பேருந்து துவாஸ் வழியாகப் போகிறதா என்று சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். துவாஸில் பேருந்துக் கூட்டம் குறைவு. உட்லண்ட்ஸில் தினமும் வேலைக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானோரோடு நிற்கவேண்டும். ஜொகூரில் 2025 ஜனவரியிலிருந்து வார இறுதி மறுபடி சனி, ஞாயிறாக மாறியது. அதற்கு முன் வெள்ளி, சனி. இரண்டு பக்கத்து விடுமுறையும் ஒன்றானதால் வெள்ளி மாலை நெரிசல் இப்போது இன்னும் கடுமை. வெள்ளி மாலை ஐந்திலிருந்து இரவு பத்துவரை சாலை வழியே கிளம்பாதீர்கள். சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிப் பேருந்து, வெள்ளி இரவு ஏழு மணிப் பேருந்துக்கு எவ்வளவோ மேல்.

இரண்டு முனையிலும் இறங்கவேண்டும். மலேசியச் சாவடியில் எல்லாப் பெட்டிகளையும் இறக்கி ஊடுகதிர்க் கருவிக்குள் விடவேண்டும். கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டு, திரும்பி ஓடிவருபவர்கள் ஒவ்வொரு பேருந்திலும் இருவர் இருப்பார்கள். இறங்குமுன் பேருந்தின் பதிவெண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் எட்டுப் பேருந்து நிற்கும், ஓட்டுநர் அதிக நேரம் காத்திருக்க மாட்டார். விட்டுவிட்டால் அதே நிறுவனத்தின் அடுத்த பேருந்தில் இடமிருந்தால்தான் உண்டு.

மிக மலிவான வழி லார்க்கின்: குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் கடற்பாலம் தாண்டி லார்க்கின் போய், அங்கிருந்து டிபிஎஸ்ஸுக்கு ரிங்கிட்டில் சீட்டு எடுப்பது. செலவு சிங்கப்பூரிலிருந்து நேராகப் போவதில் பாதிக்கும் கீழே. நேரம் ஒன்று, ஒன்றரை மணி கூடும். நன்மை என்னவென்றால் எந்தப் பேருந்தும் உங்களை விட்டுப்போகும் பயமில்லை. சாவடியைத் தாண்டியபின்தான் சீட்டே எடுக்கிறீர்கள்.

ரயில்: புதிதாகக் கணக்கில் சேர்ந்தது

பல ஆண்டுகளாக இந்த ஒப்பீட்டில் ரயிலுக்கு இடமே இல்லை. 2011இல் தஞ்சோங் பகார் நிலையம் மூடியது. அதன்பின் கிமாஸில் வண்டி மாறி ஏழெட்டு மணி நேரம் போவது ரயில் பிரியர்களின் வேலையாக இருந்தது. 350 கிலோமீட்டரை 90 நிமிடத்தில் கடக்கவிருந்த அதிவேக ரயில் ஒப்பந்தமும் 2020 டிசம்பர் 31உடன் காலாவதியானது. கிமாஸ் – ஜொகூர் பாரு இரட்டை மின்தடம் முடிந்து, 2025 டிசம்பரில் மலேசியாவின் இடிஎஸ் மின்சார விரைவு ரயில் ஜொகூர் பாரு சென்ட்ரலை எட்டியபிறகு நிலைமை மாறிவிட்டது. கேஎல் சென்ட்ரலுக்கு நாலேகால் முதல் நாலரை மணி நேரம்.

சிக்கல் ரயிலில் இல்லை, அதைப் போய்ப் பிடிப்பதில் இருக்கிறது. உட்லண்ட்ஸிலிருந்து தெப்ராவ் ரயில் ஐந்தே நிமிடத்தில் ஜொகூர் பாரு சென்ட்ரலில் விடும். கட்டணம் 5 வெள்ளி. இரு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே, ரயில் ஏறுமுன் முடிந்துவிடும். சாலை எவ்வளவு அடைத்திருந்தாலும் இந்த ஐந்து நிமிடம் ஐந்து நிமிடம்தான். ஆனால் வார இறுதிச் சீட்டுகள் வெகு முன்னரே தீர்ந்துவிடும். எனவே முதலில் தெப்ராவ் சீட்டு, அது கிடைத்தபின் இடிஎஸ் சீட்டு என்ற வரிசையில் வாங்குங்கள். மாற்றிச் செய்தால் கையில் இடிஎஸ் சீட்டுடன் கடற்பாலத்தில் பேருந்து வரிசையில் நிற்க நேரும். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து மொத்தம் ஏழரை மணி. பேருந்தைவிடச் சற்று அதிகம், ஆனால் விரிந்து ஒன்பதாகாது. பெட்டியை யாரும் எடை போடமாட்டார்கள், இறங்குமிடம் பிரிக்ஃபீல்ட்ஸ் வாசல். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர் அதே கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் மாறி, நேராகக் கோயிலடியில் இறங்கலாம்.

உட்லண்ட்ஸ் நார்த் – புக்கிட் சாகார் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதியில் ஓடத் திட்டமிடப்பட்டுள்ளது. திசைக்கு மணிக்கு 10,000 பேர் ஏறலாம். புக்கிட் சாகார் ஜொகூர் பாரு சென்ட்ரலின் பக்கத்திலேயே இருப்பதால், தெப்ராவ் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் தொல்லை அத்தோடு தீரும். அப்போது இந்த ஏழரை மணி ஆறரையாக இறங்க வாய்ப்புண்டு.

சொந்தக் கார்

நாலு பேருக்கு மேல் என்றால் காரை எந்த வழியும் செலவில் வெல்லாது. ஓட்டம் நாலு மணி, சாவடி அரை மணியிலிருந்து மூன்று மணி. சிங்கப்பூர்ப் பதிவுக் கார்களுக்குச் சில நிபந்தனைகள்: புறப்படும்போது தொட்டியில் முக்கால் பங்கு எண்ணெய் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அபராதமும் திருப்பி அனுப்புதலும். மலேசியாவின் விஇபி (வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி) பதிவு வேண்டும்; 2025 ஜூலையிலிருந்து இல்லாதவருக்கு 300 ரிங்கிட் அபராதம். சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். டச் அண்ட் கோ அட்டையில் சுங்கத்துக்குப் போதுமான பணம். அங்கே ரோன் 95 பெட்ரோல் ஊற்றக்கூடாது, ரோன் 97 ஊற்றலாம். மச்சாப், பாகோ, ஆயர் கெரோ, சிரம்பான் என்று ஓய்விடங்கள் வரிசையாக உண்டு. ஆயர் கெரோவில் பெருநாள் காலத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, பாகோவிலேயே நிறுத்திவிடுங்கள்.

காகித வேலை

மலேசியாவுக்குள் நுழைய எம்டிஏசி (மலேசிய மின்னிலக்க வருகை அட்டை), சிங்கப்பூருக்குள் நுழைய எஸ்ஜி வருகை அட்டை. இரண்டும் இலவசம், இரண்டும் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டியவை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு முன்னது தேவையில்லை, நிரந்தரவாசிகளுக்குத் தேவை. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளமல்ல. மலேசியாவிலிருந்து வருபவருக்குச் சிங்கப்பூரில் மதுவுக்கு வரிவிலக்கு கிடையாது. விமானத்தில் வந்தாலும் அப்படித்தான்.

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு ஊரையும் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் கடப்பிதழுக்கு மலேசியா 2026 இறுதிவரை 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. சிங்கப்பூருக்கு விசா வேண்டும். சிங்கப்பூரில் இறங்கி, கோலாலம்பூர் போய், மறுபடி சிங்கப்பூர் வந்து ஊர் திரும்பும் திட்டமென்றால் விசா பலமுறை நுழைவா, ஒருமுறை நுழைவா என்று அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட எளிது, சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குச் சீட்டு, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் சீட்டு. நடுவில் உள்ள 350 கிலோமீட்டரை ஒருமுறை கடந்தால் போதும். கோலாலம்பூரில் நண்பகலுக்கு முன் பேருந்தில் ஏறுங்கள். ஞாயிறு வேண்டாம், செவ்வாய், புதன் நல்லது. அன்றிரவே சென்னை விமானத்தைப் பிடிக்க நினைக்காமல் சிங்கப்பூரில் ஓர் இரவாவது தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.